நாற்பது வாரத்து மிஸி

எங்கள் தோட்டத்தில் பெற்றீசியா எங்கே இருக்கிறார் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். நாற்பது வாரத்து மிஸி என்று கேட்டால் எல்லாரும் வழி காட்டுவார்கள். நர்ஸு வேலை, பிரசவ வேலை பார்க்கிற பெண்களை மலைநாட்டில் மிஸி என்போம். நாற்பது வாரம் என்பது கேலிக்கு வைத்த பேர். வைத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் இதை நான்தான் எழுத வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பிழை இருக்கும். வாசிக்கிறவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளட்டும்.

தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாப் பக்கம் போகிற பாதையில் ஆறாவது மைலில் எங்கள் தோட்டம். ஐம்பத்து மூன்றாம் வருசம் மிஸி இங்கே வந்தார். கொட்டகலைப் பக்கம் ஒரு வாத்தியாரின் மகள். வயது இருபத்தைந்துதான் இருக்கும். வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, ரப்பர் பூட்ஸ் போட்டு, அட்டை ஏறாமல் காலுக்குச் சோப்புத் தடவிக்கொண்டு, கறுப்புக் குடையோடு லயம் லயமாக, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம், ஏறி இறங்குவார்.

அவர் வரும்வரை எங்கள் பெண்களுக்குப் பிள்ளை பார்த்தது என் அக்கா ராக்காயி. எங்கள் லயத்தில் நடமாடுகிறவர்களில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள். புதிதாக ஒரு சின்னப் பெண் குடையோடு வந்ததை அவள் விரும்பவில்லை. நானும் விரும்பவில்லை. அக்கா வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன் வேறு எப்படி இருப்பான்?

மிஸி பெண்களிடம் மட்டும் பேசியிருந்தால் பேர் வந்திருக்காது. ஒருநாள் நாங்கள் பத்துப் பேர் கவ்வாத்து மலையில், அதாவது தேயிலைச் செடியை அடியோடு ஒட்ட வெட்டிவிடுகிற இடத்தில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். வந்து நின்றார். ஆம்பளைகளுக்கும் இது தெரிய வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் மாசம் முடிகிறபோது பிள்ளை சுண்டுவிரல் நீளம்தான், ஆனால் கைவிரல் பிரிந்திருக்கும் என்றார். ஐந்தாம் மாசம் அசைவது தாய்க்குத் தெரியும். ஏழாம் மாசம் கண் திறக்கும். எட்டாம் மாசம் எல்லாம் இருக்கும், தோலுக்கு அடியில் சதைதான் இருக்காது, மூச்சுப்பையும் முற்றியிருக்காது. நாற்பது வாரம் நிறையவேண்டும் என்று முடித்தார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. செல்லசாமிக்கு வாய் சும்மா இருக்காது.

"மிஸி உள்ள போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?"

"நான் போகல அண்ணே. நீங்க பத்து மாசம் இருந்துட்டு வந்த எடந்தான். மறந்துட்டீங்க."

மற்ற ஒன்பது பேரும் சிரித்தோம். செல்லசாமி சிரிக்கவில்லை. அன்று சாயந்திரமே பேர் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வருசம் என் பெண்சாதி பூரணி முழுகாமல் இருந்தாள். மூன்றாவது தடவை. முதலாவது ஐந்து மாசத்தில் கலைந்தது. இரண்டாவது ஆண்பிள்ளை. பிறந்து இரண்டு நாள் இருந்தான். என் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் அடங்கிவிட்டான். ஆற்றோரம் மூங்கில் அடியில் நான்தான் குழி வெட்டினேன். அதன் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் நாங்கள் எடுத்ததில்லை.

இந்தத் தடவை பூரணி யாரிடமும் மூச்சு விடவில்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள். அதுக்குள்ளேயே ஐந்து மாசம் மறைத்துவிட்டாள். கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்தால் மலையிலிருந்து இறக்கிவிடுவார் என்பது ஒன்று. ஊர்க்கண் பட்டுவிடும் என்பது இன்னொன்று. ஆனால் நாளை மட்டும் தவறாமல் வைத்திருந்தாள். அடுப்புக்கு மேலே ஒரு பால் டின். அதில் தேயிலை விதை.

இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு மலையில் கொழுந்து எடுத்துப் போனால், மற்ற மலைகளெல்லாம் முடித்து மறுபடி அதே மலைக்கு வர ஏழு நாள். அதுதான் ரவுண்டு. எங்கள் பெண்களுக்கு ரவுண்டுதான் வாரம். நாலு ரவுண்டு ஒரு மாசம், நாற்பது ரவுண்டு பத்து மாசம். பூரணி தள்ளிப்போனது தெரிந்த அன்றைக்கு, போன மாசத்துக்கென்று நாலு விதை போட்டாள். அதற்குப் பிறகு நாலாம் நம்பர் மலையில் கால் வைக்கிற ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. வயிறு தள்ளி வேலைக்குப் போகாமல் நின்ற பிறகும், நாலாம் நம்பருக்கு ஆள் போகிறதைப் பார்த்துப் போட்டாள். அக்கா எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த வழக்கம் அது. போன பிள்ளைக்கும் அப்படித்தான் வைத்தோம்.

புரட்டாசி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது நாற்பதாவது விதை விழுந்தது. பூரணிக்கு ஒரு சுளுக்கு வலிகூட இல்லை. அக்கா வந்து பார்த்தாள். முகம் சரியில்லை.

"தண்ணி வத்திப்போயிரும்டா தம்பி. வெள்ளிக்கெழம குடிக்கக் குடுத்து எறக்கிருவோம்."

போன தடவையும் இதே பேச்சு, இதே மருந்து. இஞ்சியும் மிளகும் காய்ச்சிய கசாயத்தில் விளக்கெண்ணெய். நான் தலவாக்கலைக்கு இறங்கி ஒரு போத்தல் எண்ணெய் வாங்கி வந்தேன். போன தடவையும் நான்தான் வாங்கினேன்.

வியாழக்கிழமை பகல் மிஸி லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தார். போத்தலைப் பார்த்தார். பூரணியைப் படுக்கவைத்துத் தொப்புளிலிருந்து மேலே விரலை அடுக்கி அடுக்கி அளந்தார். மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தார். பிறகு, இது நாற்பது இல்லை, முப்பத்து நாலுதான் இருக்கும் என்றார். பிள்ளை நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னும் ஆறு வாரம் அது உள்ளேதான் இருக்கவேண்டும்.

கூடவே நின்ற அக்கா டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். விதை பொய் சொல்லுமா என்று கேட்டாள். மிஸி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. விதைகளை மடியில் கொட்டி நாற்பதையும் எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரிதான் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, இந்த வருசம் எல்லா ரவுண்டும் ஏழு நாளில்தான் வந்ததா என்று கேட்டார்.

வரவில்லை என்றேன். சித்திரையிலிருந்து நல்ல மழை. கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. புதுத் துரை இளங்கொழுந்துதான் வேண்டும் என்று ஐந்து நாளைக்கு ஒரு தடவை மலை ஏற்றினார். பெண்கள் முதுகு ஒடிகிறது என்று திட்டிக்கொண்டே போனார்கள். தோட்டமே அறிந்த விசயம். அந்த ஐந்து நாளையும் அந்தப் பால் டின்னையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மாசத் தீட்டு கழிந்து கடைசியாக எப்போது முழுகினாய் என்று பூரணியிடம் மிஸி கேட்டார். பூரணி தேதி அறியாதவள். ஏழாம் நம்பர் மலையிலிருந்து நான் முதல் கட்டு மிலாறு கொண்டு வந்தேனாம். மிலாறு என்பது கவ்வாத்தில் வெட்டின குச்சி, எங்களுக்கு அதுதான் விறகு. அதை எரித்துத்தான் அன்று தண்ணீர் சுடவைத்துத் தலை முழுகினாளாம்.

மிஸி என்னிடம் சொன்னார்: "ஏழாம் நம்பர் எப்ப வெட்டுனீங்கன்னு பலகையில எழுதியிருக்கும். நான் சொன்னா நம்பமாட்டீங்க. நீங்களே போய்ப் பாருங்க அண்ணே."

ஒவ்வொரு மலைக்கும் முகப்பில் ஒரு பலகை நட்டிருக்கும். மலை நம்பர், எத்தனை ஏக்கர், கவ்வாத்துத் தொடங்கின தேதி. மழைத் தூறலில் நடந்தேன். பலகையில் பாசி. நகத்தால் சுரண்டினேன். 25.1.54. பொங்கல் கழிந்த இரண்டாவது திங்கட்கிழமை. விரல் விட்டு எண்ணினேன். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். முப்பத்து மூன்று வாரமும் மூன்று நாளும். முழுகினதுக்கு முந்தின நாலைந்து நாளையும் சேர்த்தால் மிஸி விரலில் அளந்தது அப்படியே வந்தது.

அன்றைக்கு மொட்டைக் கட்டையாக நான் வெட்டிவிட்ட செடிகள் இடுப்பளவு தழைத்து நின்றன. எட்டு மாசத்துச் செடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டு மாசத்துப் பிள்ளை எப்படி இருக்கும் என்பதும் தெரியும். இந்தக் கையில்தான் வைத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது மிஸி லயத்து முற்றத்தில் குடையோடு நின்றார். போன பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். அந்த வருசமும் ரவுண்டு ஐந்து நாளா என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த வருசமும் நல்ல மழை, ஆமாம் என்றேன்.

"அவனும் நாள் நெறையாதவந்தான் அண்ணே. தெரிஞ்சு செய்யல. இப்பத் தெரியும்ல."

அவ்வளவுதான் சொன்னார். வேறு யாராவது இருந்தால் என்னை உட்காரவைத்து ஒரு மணி நேரம் புத்தி சொல்லியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா கசாயச் சட்டியோடு வந்தாள். வாசலில் மறித்தேன்.

"குடுக்க வேணாங்க்கா."

"புள்ள வயித்துலயே போயிருச்சுன்னா?"

"போனா என் தலையில."

தம்பி இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. சட்டியை வாசலில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். விளக்கெண்ணெயை நான் என் கவ்வாத்துக் கத்திக்குத் தடவினேன். நல்ல எண்ணெய், துருவே பிடிக்கவில்லை.

அந்த ஆறு வாரம் நான் சரியாகச் சோறு தின்னவில்லை. மிஸி சொன்னது தப்பாக இருந்தால் என்று நினைக்காத நாளில்லை. காலைப் பெரட்டில் ஆள் கூடி நிற்கிறபோது, உன் பெண்சாதி யானைக்குட்டியா சுமக்கிறாள் என்று செல்லசாமி கேட்டான். யானையானாலும் நான்தான் வளர்ப்பேன், உன் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்றேன்.

மிஸி வியாழக்கிழமை தவறாமல் வந்தார். வந்தால் இந்த வாரம் உள்ளே என்ன நடக்கிறது என்று பூரணிக்குச் சொல்வார். இப்போது தோலுக்கடியில் சதை பிடிக்கிறது, கன்னம் உப்பும். இப்போது நகம் விரல் நுனி வரைக்கும் வந்துவிட்டது. இப்போது தலை கீழே இறங்கிவிட்டது, அதனால்தான் நெஞ்சை அடைக்காமல் மூச்சு விட முடிகிறது. பூரணி வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். இறந்த பிள்ளைகளைச் சுமந்தபோது அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அக்கா பக்கத்துக் காம்பரா வாசலில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அரிசி எப்போதோ புடைத்து முடிந்திருக்கும். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் காலையில் பூரணிக்கு வலி கண்டது. ஓடிப்போய் மிஸியைக் கூட்டி வந்தேன். அவர் உள்ளே போகும்போது பக்கத்து வாசலைப் பார்த்து, "அக்கா, நீங்களும் வாங்க, முதுகைப் பிடிக்க ஆள் வேணும்" என்றார். அதுக்காகவே காத்திருந்த மாதிரி அக்கா எழுந்து போனாள்.

நான் வெளியே மிலாறு முறித்தேன். ஒரு வாரத்துக்கு வேண்டிய விறகு முறித்தேன். பின்னேரம் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் உள்ளே அழுகைச் சத்தம். போன பிள்ளை பூனைக்குட்டி மாதிரி முனகினான். இது லயத்தையே கூப்பிட்ட அழுகை.

மிஸியின் கைத்தராசு அன்றைக்கென்று பழுது. லயத்துக்குக் கீழேதான் கணக்கப்பிள்ளை தராசைத் தொங்கவிட்டுக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். பிள்ளையைக் கம்பளியில் சுற்றி அங்கே கொண்டுபோனோம். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று இரண்டு ராத்தல் கழிப்பது அவர் பழக்கம். அக்கா முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"ஐயா, இதுல கூடைக்குக் கழிச்சுராதீங்க."

அவரே சிரித்துவிட்டார். கம்பளி நீக்கி ஆறே முக்கால் ராத்தல். பெண்பிள்ளை. என் தாயின் பேரை வைத்தோம், வேலாயி. இப்போது பதினொரு வயது. மூன்றாம் வகுப்பை எப்போதோ தாண்டிவிட்டாள். இந்த எழுத்தைத் திருத்துவதும் அவள்தான்.

மிஸி இன்னும் இங்கேதான் இருக்கிறார். குடை மாறியிருக்கிறது, பேர் மாறவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அக்காவும் பிள்ளை பார்க்கத் தவறாமல் போகிறாள், ஆனால் மிஸிக்குப் பக்கத்தில் நின்று. எத்தனை ரவுண்டு என்று இப்போது யாரிடமும் கேட்பதில்லை. கடைசியாக முழுகின அன்றைக்கு எந்த மலையில் கவ்வாத்து நடந்தது என்று கேட்கிறாள். பதில் கிடைத்ததும் பலகைத் தேதி பார்த்து வாரம் எண்ண என்னிடம் அனுப்பிவிடுகிறாள். பெண்களுக்கு வெட்கம், புருசன்மார் வருவார்கள். வேலை நேரத்தில் இது எனக்குப் பெரிய தொல்லை.

போன வாரம் செல்லசாமி வந்தான். மருமகள் முழுகாமல் இருக்கிறாளாம். அதைச் சொல்ல அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினான். அப்புறம் இரண்டாம் நம்பர் எப்போது வெட்டினோம் என்று கேட்டான். பலகையில் இருக்கிறது, போய்ப் பார் என்றேன். பாசி மூடியிருக்கிறது, தெரியவில்லை என்றான்.

கத்தியை எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.