வேலிக்கு முன்னால் இறக்கி வைத்த பாடை

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு மனைப்பிரிவுக்கு நான் சைட் மேனேஜராக இருந்தபோது, எங்கள் கம்பி வேலிக்கு முன்னால் ஒரு பாடையை இறக்கி வைத்தார்கள். இந்தத் தொழிலில் இரட்டைக் கிரயம், எல்லைத் தகராறு, வாரிசு வழக்கு என்று எத்தனையோ பார்த்துவிட்டேன். அதெல்லாம் பேசினால் தீரும். இதை எழுதும்போது இப்போதும் கோபம்தான் வருகிறது.

1. பத்திரத்தில் இல்லாத பாதை

எட்டு ஏக்கர் நஞ்சை. முதலாளி கிரயம் பேசும் முன்பே நான் ஊருக்குள் போய் விசாரித்தேன். காலனித்தெருவில் யார் இறந்தாலும் அந்த நிலத்தின் நடுவே போகும் அகலமான வரப்பு வழியாகத்தான் ஆற்றங்கரை மயானத்துக்குத் தூக்கிப் போவார்கள். தலைமுறை தலைமுறையாக அதுதான் வழி. ஆனால் பத்திரத்தில் நான்கு எல்லை சொல்லும் செக்குபந்தியில் அது இல்லை. சர்வே படத்திலும் இல்லை. அதையெல்லாம் எழுதிய காலத்தில் அந்தத் தெருக்காரர்களைக் கேட்டு யார் எழுதினார்கள்?

முதலாளியிடம் சொன்னேன்.

"பத்திரத்துல இருக்கா?"

"இல்லைங்க. ஆனா ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா ஊரோட வச்சுக்கட்டும். பொணம் போற வழின்னா எவன்யா மனை வாங்குவான்?"

2. கார்னர் மனை

முதலில் புக் செய்தவர்களில் ஒருவர் மலர்க்கொடி. தஞ்சாவூரில் வங்கி அதிகாரி. பிறந்தது அதே காலனித்தெருவில். கார்னர் மனையைக் காட்டி, "இது எங்கப்பா கூலிக்கு நடவு நட்ட வயல் சார். இதுல வீடு கட்டி அவரை உக்கார வைக்கணும்" என்றார். அட்வான்ஸ் கொடுக்கும்போதே முதலாளியிடம் பாதையைப் பற்றிக் கேட்டார்.

"விட்ருவோம்மா. அப்ரூவல் வரட்டும்" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். அப்ரூவல் வருவதற்குள் சுற்றிலும் கல் ஊன்றிக் கம்பி இழுத்துவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் மலர்க்கொடியின் அப்பா இறந்துபோனார்.

மேளச் சத்தம் வேலி வரைக்கும் வந்து நின்றுவிட்டது. பாடையை இறக்கினார்கள். நான் முதலாளிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மெயின் ரோடு சுத்திப் போகச் சொல்லுய்யா."

"அங்க பாலம் வேலைக்கு ரோட்டை வெட்டிப் போட்ருக்குங்க."

"அப்ப பக்கத்து வரப்பு மேல போகட்டும்."

பக்கத்து வயலில் சம்பா நடவு முடிந்து தண்ணீர் நின்றது. வரப்பில் ஒற்றை ஆள் போகவே வழுக்கும். பாடையை எப்படித் தூக்கிப் போவது?

எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். மலர்க்கொடி திரும்பாமல் வேலி வரைக்கும் வந்து என் கையிலிருந்த போனை வாங்கினார்.

"கார்னர் மனை மலர்க்கொடி பேசுறேன் சார். மனை பார்க்க வந்தப்ப என் காரை உள்ள கொண்டாந்து நிறுத்தச் சொன்னீங்க. எனக்கு வழி இருந்துச்சு. எங்கப்பாவுக்கு இல்லையா?"

முதலாளி குரலை இறக்கி, "அடடா, உங்க வீட்டு துக்கம்னு தெரியாதும்மா. உங்களுக்காக இன்னைக்கு ஒருநாள் திறக்கச் சொல்றேன்" என்றார்.

"எனக்காகத் திறக்க வேணாம் சார்" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

சைட் ஷெட்டிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து வந்து கம்பியை நானே வெட்டினேன். பாடை போனது.

3. தாலுகா ஆபீசில்

மறுநாளே முதலாளி புதுக் கம்பி இழுத்தார். "யாரு சம்பளம் குடுக்குறா உனக்கு?" என்று ஆட்கள் முன்னால் என்னைப் பார்த்துக் கத்தினார்.

மலர்க்கொடி பாதையைத் திறக்கச் சொல்லித் தாசில்தாரிடம் மனு கொடுத்தார். மனைப்பிரிவு அப்ரூவலுக்கும் ஆட்சேபம் எழுதினார். தாசில்தார் இரண்டு தரப்பையும் அழைத்துப் பேசினார். முதலாளியோடு நானும் போயிருந்தேன். பேச்சு தொடங்கும் முன் அவர் வராந்தாவில் மலர்க்கொடியைத் தனியாகக் கூப்பிட்டு, மனையைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். பாதையைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்றார். மலர்க்கொடி நேராக உள்ளே போய் அதையும் சேர்த்துத் தாசில்தாரிடம் சொல்லிவிட்டார்.

தாசில்தார் சங்கடப்பட்டார். "பிரச்சினை வேணாம்மா. வாய்க்கால் கரையோரமா வேற பாதை பார்த்துக்கலாமே" என்றார்.

"மனை வாங்குறவங்களுக்கு முப்பதடி ரோடு, எங்களுக்கு வாய்க்கால் கரையா சார்?"

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. பாதை இருந்துச்சா?"

முதலாளி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்தக் கேள்விக்கு ஒரு ஆள் வயிற்றுப்பிழைப்பை யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் இந்தத் தொழிலின் கேவலம்.

"இருந்துச்சுங்க. நிலம் வாங்குறதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும்" என்றேன்.

அன்று மாலையே முதலாளி என்னை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்ரூவல் நின்றது, மனை விற்பனையும் நின்றது. கடைசியில் வேறு வழியில்லாமல் முதலாளி அந்தப் பாதையை ரோடாகக் காட்டி ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். மலர்க்கொடி முழு விலை கொடுத்துக் கார்னர் மனையைக் கிரயம் செய்தார்.

பிறகு நான் தனியாகத் தரகு பார்க்க ஆரம்பித்தேன். என்னிடம் வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். பட்டா, வில்லங்கம் எல்லாம் பாருங்கள். பார்த்துவிட்டு நிலத்தில் இறங்கி நடங்கள். இந்த வழியாக யார் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று ஊரில் ஏழைப்பட்டவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொன்னதை மறைத்து விற்காதீர்கள்.

மலர்க்கொடியின் புதுமனைப் புகுவிழாவுக்குப் போயிருந்தேன். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பளிங்குக் கல்வெட்டு நின்றது. முதலாளியின் பெயர் போட்டு, ஊர் மக்களின் நலனுக்காக அவர் தானமாக வழங்கிய பாதை என்று பொறித்திருந்தார்கள்.

அதை நான் படிப்பதைப் பார்த்து மலர்க்கொடி பக்கத்தில் வந்தார்.

"எங்க பாதையை எங்களுக்கே தானம் குடுத்திருக்கார் சார்" என்றார்.