உளுந்து வாங்கப் போன இடத்தில் ஒன்றரை நிமிடப் பாட்டு

போன மார்ச் மாதம் யாங்கூனுக்கு உளுந்து வாங்கப் போனேன். உளுந்தும் வாங்கினேன், கூடவே ஒரு பாட்டும் வாங்கினேன். உளுந்துப் பேரம் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது. பாட்டுக்கு ஒரு பிற்பகல் முழுவதும் போனது. இந்த வலைப்பூவைப் படிப்பவர்களில் பாதிப் பேர் பருப்பு வியாபாரிகள், மீதிப் பேர் ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்கள். இரண்டு தரப்புக்கும் பயன்படும் மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

நான் விருதுநகரில் சைக்கிளில் அப்பளம் விற்றுத் தொழிலுக்கு வந்தவன். இப்போது சொந்தமாக அப்பளக் கம்பெனி இருக்கிறது. அப்பளத்துக்கு பர்மா உளுந்துதான் சரிப்படும். இதுவரை தூத்துக்குடித் தரகர் வழியாக வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் நல்லவர்தான், ஆனால் அவர் சொல்லும் விலை சரிதானா என்று ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் இந்தப் பயணம்.

சென்னையிலிருந்து பாங்காக் வழியாகப் போனேன். விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பித்தேன், நான்கு நாளில் வந்தது. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் பதினாறு கிலோமீட்டர், டாக்ஸிக்கு 25,000 சாட் கேட்டார்கள். எழுதும்போது கியாட், வாயில் சொல்லும்போது சாட். பெரிய தொகையைக் கேட்டு மிரள வேண்டாம், ஒரு டீயே இரண்டாயிரம். இன்னொன்று, அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், ஆனால் ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருக்கும். முந்திப் போகும்போது டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன் சொல்ல வேண்டும். நான் சொன்னேன்.

உளுந்து வேலைக்கு எனக்கு அமைந்த ஆள் கோ மணி. கோ என்பது அண்ணன் என்பது போல பர்மிய மரியாதைச் சொல். அங்குள்ள தமிழர்கள் அதைத் தமிழ்ப் பெயருக்கு முன்னாலும் போட்டுக்கொள்கிறார்கள். நாற்பது வயது, சொந்தக் கார், கிடங்குகள் எல்லாம் அத்துப்படி. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குள் மூன்று கிடங்கு பார்த்து, மூட்டையில் கைவிட்டு உளுந்தைக் கடித்துப் பார்த்து, விலையும் பேசி முடித்துவிட்டோம். தூத்துக்குடித் தரகர் சொன்ன விலை சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றம்தான்.

திரும்பும் வழியில் காரில் ஒரு பாட்டு ஓடியது. கிதார் ஒன்று, பெண் குரல் ஒன்று, அவ்வளவுதான். முதலில் பர்மிய மொழி, பிறகு அதே மெட்டில் தமிழ்.

*பாலம் தாண்டி வேலைக்குப் போறேன்
பாதி வழியில பேர மாத்துறேன்
திரும்பி வரையில தேடிப் பாக்குறேன்
எந்தப் பேர எங்க வச்சேன்*

முடிந்ததும் இன்னொருமுறை போடச் சொன்னேன். மூன்றாவது முறை நானே முணுமுணுத்தேன். எனக்கு சங்கீதம் தெரியாது. ஆனால் எது மனசில் ஒட்டும், எது ஒட்டாது என்று தெரியும். ஒரு வருஷமாக அப்பள விளம்பரத்துக்குப் பாட்டுத் தேடி, சென்னையில் இரண்டு பேருக்குப் பணம் கொடுத்து, வந்ததை வெளியே விட வெட்கப்பட்டு வைத்திருக்கிறேன்.

"எந்தப் படம் மணி?" என்று கேட்டேன்.

கோ மணி சிரித்தார். "இதையே அதுகிட்ட போய்க் கேட்டீங்க, வெரட்டி அடிச்சிரும். படம் கெடையாது மொதலாளி. நம்ம தாகேதாப் பேட்டைப் பொண்ணு, சொந்தமாக் கட்டுன பாட்டு. இன்னும் வெளிய விடல. இது ஒத்திகைக்குப் பாடுனது, எனக்கு மட்டும் அனுப்புச்சு."

அந்தப் பெண் வீட்டில் நீலா, வெளியே மா நிலார். ஆணுக்குக் கோ, பெண்ணுக்கு மா. முப்பது வயதிருக்கும். பத்து வருடம் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் 'காப்பி' பாடியவர். யாங்கூனில் காப்பி என்றால் வெளிநாட்டு மெட்டில் பர்மிய வரிகளைப் போட்டுப் பாடுவது. அது அங்கே பெரிய தொழில், யாரும் குறைவாக நினைப்பதில்லை. இவர் தமிழ் சினிமா மெட்டுகளை அப்படிப் பாடிப் பேர் வாங்கியவர். ஒரு வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டு, இனி சொந்தப் பாட்டுதான் என்று உட்கார்ந்துவிட்டார். வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டதாம்.

அன்றே போகலாம் என்றேன். கோ மணி கைபேசியில் பேசிவிட்டு, "பன்னெண்டரைக்குள்ள வரச் சொல்லுது. ஒரு மணிக்கு கரண்டு போவும், அப்ப பதிவு பண்ணுமாம்" என்றார். கரண்டு போனால் எப்படிப் பதிவு செய்வார்கள்? எனக்குப் புரியவில்லை.

நகர மையத்திலிருந்து தாகேதாவுக்கு டாக்ஸியில் போனால் ஒன்பதாயிரம் கேட்பார்கள், பேருந்தில் சில நூறு. பாசுண்டாங் ஓடையைப் பாலத்தில் தாண்டினால் வந்துவிடும். பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் நெருக்கமான தெருக்கள். நிலார் வீடு இரண்டாம் மாடி. கீழே ஊ தான் என்ற பர்மியரின் டீக்கடை. தான் என்பது பெயர், ஊ என்பது வயதில் மூத்தவருக்கான மரியாதைச் சொல். இவர் இந்தக் கதைக்கு முக்கியம்.

உள்ளே போனதும் காது அடைத்துவிட்டது. கரண்டு இருக்கும் நேரத்தில் தெருவில் அத்தனை வீட்டிலும் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, டி.வி. அலறுகிறது. கரண்டு போனால் கடைகளில் ஜெனரேட்டர். இரண்டுக்கும் நடுவே, கரண்டு போனதற்கும் ஊ தான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜெனரேட்டர் கயிற்றை இழுப்பதற்கும் நடுவே, ஒன்றரை நிமிடம் தெரு அமைதியாக இருக்கும். நிலார் அந்த இடைவெளியில்தான் பாடுகிறார். ஸ்டுடியோவுக்குக் காசில்லாமல் ஆரம்பித்த வழக்கமாம். முதலில் பாட்டு பாதியில் நிற்கும்போதெல்லாம் ஜெனரேட்டரைத் திட்டியிருக்கிறார். பிறகு, பாட்டையே ஒன்றரை நிமிடத்துக்குக் கட்டலாமே என்று தோன்றியிருக்கிறது.

"அன்னைக்குத்தாண்ணே எனக்குப் பாட்டு எழுதவே வந்துச்சு" என்றார். "காப்பியில ஊ ஊ ஊன்னு இழுத்து நேரத்தக் கழிச்சிரலாம். இதுல ஒரு வார்த்த சும்மா நின்னா, அடுத்த வார்த்தைக்கு எடம் இல்ல."

நான் சுற்றி வளைக்கவில்லை. "இந்த மெட்டு எனக்கு வேணும்மா. மொத்தமா வாங்கிக்கிறேன். வரிய மட்டும் மாத்திக்கிறேன்." வழியிலேயே காரில் யோசித்து வைத்திருந்ததைப் பாடியும் காட்டினேன். *பாலம் தாண்டிக் கடைக்குப் போறேன், பாக்கெட் பாக்கெட்டா அப்பளம் வாங்குறேன்.*

நிலார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோ மணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணே, நீங்க காப்பி பாட வந்திருக்கலாம். தாகேதாவுல நல்ல கிராக்கி."

"சிரிக்காதம்மா. இருபது லட்சம் சாட் தர்றேன்."

சிரிப்பு நின்றது. "பைசா வேணாம்னு சொல்ல மாட்டேண்ணே. ஆனா யோசிச்சுப் பாருங்க. உங்க அப்பளப் பாட்டு டி.வி.யில வரும். இங்க எல்லா வீட்லயும் தமிழ் சேனல் பாக்குறாங்க. அப்புறம் நான் என் பாட்ட விட்டா, என்ன சொல்லுவாங்க? நிலார் திரும்பக் காப்பிக்குப் போயிட்டா, இந்தியா அப்பள விளம்பரத்தக் காப்பி அடிச்சிட்டாம்பாங்க. பத்து வருசம் அடுத்தவங்க மெட்டுதானே பாடுனேன், யாரு நம்புவா? என் பாட்டு, எனக்கே காப்பியாப் போயிரும்."

நானே அந்தப் பாட்டைக் கேட்டதும் எந்தப் படம் என்றுதான் கேட்டேன். வேறு மெட்டு போட்டுத் தருகிறேன் என்றார் அவர். சோதித்துப் பார்த்த சரக்கை விட்டுவிட்டுப் பார்க்காத சரக்குக்கு விலை பேசி எனக்குப் பழக்கமில்லை. வேண்டாம் என்றேன். பேச்சு அங்கேயே நின்றது.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து, கைபேசியை ஸ்டூலில் வைத்து, கிதாரோடு உட்கார்ந்தார். சொன்ன நேரத்துக்குக் கரண்டு போனது. மோட்டார்கள் அடங்கின. அவர் இரண்டு வரி பாடியிருப்பார், என் கைபேசி அலறியது. விருதுநகரிலிருந்து என் மானேஜர், உளுந்து விலை கேட்கிறார். அணைப்பதற்குள் நிலார் பாடுவதை நிறுத்திவிட்டார்.

என்னைத் திட்டவில்லை. மெத்தையைத் தள்ளிவிட்டு, ஜன்னலில் எட்டி, கீழே பர்மிய மொழியில் ஏதோ கத்தினார். நானும் எட்டிப் பார்த்தேன். ஊ தான் கையில் கயிறு. கடையில் இருபது பேர், மின்விசிறி நின்று வியர்வையில் நனைந்துகொண்டு. ஒருவர் ஏதோ கத்த, கடையே சிரித்தது.

"என்ன சொல்றாங்க?"

கோ மணி சொன்னார்: "அந்த இந்தியாக்காரர் செல்போன ஆத்துல போடச் சொல்லுன்றான் ஒருத்தன். ஊ தான், சீக்கிரம் பாடி முடி, டீ ஆறுனா காசு உங்கிட்டதான்னு சொல்றாரு. இதுவரைக்கும் அவரு பாட்டுக்காகக் காத்து நின்னதே இல்ல மொதலாளி. முன்னாடி ஒருக்கா இது கேட்டப்ப முடியாதுன்னுட்டாரு."

ஊ தான் கயிற்றைத் தரையில் போட்டார். பக்கத்து மளிகைக் கடைக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவரும் ஜெனரேட்டரைத் தொடவில்லை. நிலார் முதலிலிருந்து பாடினார். ஒன்றரை நிமிடமும் கீழே ஒரு டம்ளர் சத்தம்கூட இல்லை. முடிந்து, கைபேசியை அணைத்து, ஜன்னலில் கையைக் காட்டிய பிறகுதான் கயிறு இழுபட்டது. நிலார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

நான் சந்தையை நம்புகிறவன். மார்ச் மாத வெயிலில், மின்விசிறி இல்லாமல், காசு கொடுத்து டீ குடிக்கும் இருபது பேர் ஒரு பாட்டுக்காகச் சும்மா இருந்தார்கள். சென்னையில் எனக்குப் பாட்டுப் போட்டுக் கொடுத்தவர்களுக்கு அவர்கள் வீட்டில்கூட இது நடந்திருக்காது. அந்தப் பாட்டில் அப்பளத்தைச் செருகினால் சரக்கில் கலப்படம் செய்வது மாதிரி. அதை நான் உளுந்தில் செய்ததில்லை, இதில் எதற்கு?

மறுபடி உட்கார்ந்து பேசினோம். முடிந்தபோது நாலரை மணி. ஐந்தைத் தாண்டி, தெருவே "மீ லா பி!" என்று கூவியது. கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். மோட்டார்கள் ஆரம்பித்தன, கிளம்பிவிட்டோம்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். டாலர் நோட்டு மடங்காமல், கிறுக்கல் இல்லாமல் புதிதாக இருக்கட்டும். மடித்த நோட்டை வாங்க மாட்டார்கள். அறை எடுக்கும்போது ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டு எடுங்கள். என் அறை நகர மையத்தில், ஒரு நாளைக்கு முப்பத்தைந்து டாலர், லிஃப்ட் பாதி நேரம் நின்றது. நிலவரம் நாளுக்கு நாள் மாறுகிறது, இருட்டுவதற்குள் அறைக்கு வந்துவிடுங்கள். அரசியல் பேச்சு வேண்டாம். மார்ச்சில் புது உளுந்து கிடைக்கும், வெயிலும் கிடைக்கும். நேரம் இருந்தால் ஆற்றின் அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் படகில் போய் வாருங்கள், எனக்கு நேரம் இல்லை. யாராவது பாட்டுப் போட்டுக் காட்டினால் எந்தப் படம் என்று கேட்காதீர்கள். கைபேசியை அணைத்து வையுங்கள்.

பாட்டுக்குப் பேசி முடித்தது இதுதான். பதினெட்டு லட்சம் சாட், முழுதும் முன்பணம். ஒரு வருடத்துக்கு, என் அப்பளத்துக்கு மட்டும். மெட்டு நிலாருடையது. தமிழ் வரிகளில் ஒரு எழுத்தும் மாறாது, அப்பளம் என்ற சொல் பாட்டில் வராது. முதலில் அவர் யாங்கூனில் வெளியிடுவார், ஒரு மாதம் கழித்துத்தான் என் விளம்பரம். கடைசியில் திரையில் ஒரு வரி வரும், எழுத்து என் கம்பெனிப் பெயரைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது: "பாட்டும் குரலும் மா நிலார், தாகேதா. எந்தப் படத்திலும் இல்லை."