இருபத்திமூன்றாம் நம்பர் தட்டு

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பெண்களுக்குப் பதினெட்டு முடிந்ததும் வெளியே வீடு பார்த்து, குடிவைத்து, தனியாக இருக்கப் பழக்குவது என் வேலை. அதற்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது மருந்துக்கும் கிடையாது.

அப்படி இல்லத்திலிருந்து வெளியே வந்த ஒரு பெண்ணுக்கு அடையாறில் பேக்கரி வேலை. மந்தைவெளியில் ஒரு மாடி அறை பிடித்தோம். "ஒரு வாரம் பார்க்கிறேன்க்கா. முடியலைன்னா இல்லத்துக்கே திரும்பிடுவேன்" என்றாள். "எங்கே திரும்புவே? உன் கட்டில்ல வேற பிள்ளை வந்து படுத்தாச்சு" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போச்சு. என் வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சமாதானத்துக்குத் தி.நகர் பாத்திரக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். தட்டு, டம்ளர், ஒரு குண்டான் வாங்கினோம். பேர் வெட்டுகிறவர் வாசலிலேயே மெஷினோடு உட்கார்ந்திருந்தார்.

"பேரு இன்னாம்மா?"

"இருபத்தி மூணு" என்றாள்.

இல்லத்தில் தட்டு, துண்டு, பக்கெட் எல்லாவற்றிலும் அவளுக்கு அந்த நம்பர்தான். பழக்கத்தில் வந்துவிட்டது. அவரும் கர்ரென்று வெட்டியே முடித்துவிட்டார்.

"ஏங்க, பேரைக் கேட்டுட்டு நம்பரையா வெட்டுவீங்க?" என்று கத்தினேன்.

"அந்தப் பொண்ணு சொல்லிச்சு, வெட்டிட்டேன். என்னாண்ட இன்னாத்துக்குக் கத்தினு கீறீங்க?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்து, உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்துவந்தாள். அதில் தன் பேரை முழுசாக வெட்டச் சொன்னாள்.

முதல் வாரம் நாளுக்குப் பத்து போன். "அக்கா, கடைக்குப் போகலாமா?" "அக்கா, ஃபேன் போட்டுக்கலாமா?" "அடியே, உன் வீடு, உன் ஃபேன்!" என்று கத்துவேன். எட்டாம் நாள் போனே வரவில்லை. நான் அடித்தாலும் எடுக்கவில்லை. மூட்டை கட்டிவிட்டாளோ? ஆட்டோ பிடித்து ஓடினேன்.

கதவு உள்பக்கம் தாழ். தட்டினேன். "யாரு?" என்று ஒரு அதட்டல். திறந்தவள் கையில் கரண்டி. லீவு நாளாம், சமையலில் போனைக் கவனிக்கவில்லையாம். திட்ட வாயெடுப்பதற்குள் உட்காரவைத்து, சோறும் வெண்டைக்காய் சாம்பாரும் போட்டாள். நம்பர் தட்டு எனக்கு, பேர் தட்டு அவளுக்கு.

"எனக்கு ஏண்டி இது?"

"அது விருந்தாளிங்க தட்டுக்கா" என்றாள். "அப்புறம், அடுத்த தடவை கேட்டுட்டு வாங்க. நான் எங்கயாவது வெளியே போயிருப்பேன்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"சரி தாயே, கேட்டுட்டே வரேன்" என்றேன். சாம்பாரில் உப்பு தூக்கல். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.