சிங்கப்பூர் போகிறவர்களுக்கு நான் சொன்ன யோசனைகள்

முதல் தடவை விமானம் ஏறுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் தொழில், பாதி வாயாலும் மீதி வயிற்றெரிச்சலாலும் நடப்பது. குமுளியில் பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். இதே தொழிலில் கிடந்து அல்லாடுகிற சகாக்களே, போன வருடம் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போன ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்கே புரியும்.

பதினான்கு பேர். அதில் மரியபுஷ்பம் அக்கா மட்டும் ஊர் சுற்ற வரவில்லை. வண்டிப்பெரியார் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர். மகன் சேவியர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவன் ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாங்கள் இறங்குவோம். பன்னிரண்டு மணிக்கு அவன் ஷிப்டுக்குப் போக வேண்டும், முடிய நள்ளிரவு தாண்டிவிடும். திங்கள் விடிந்ததும் எங்கள் பஸ் மலேசியாவுக்குக் கிளம்பிவிடும், ஊர் திரும்புவதும் அங்கிருந்தேதான். அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான் அக்கா வந்தார்.

துண்டு

சீட்டு நம்பரைப் பார்த்து உட்காருங்கள் என்று கொச்சியில் விமானம் ஏறும்போது தொண்டை வறளச் சொன்னேன். குமுளி ஏலக்காய் வியாபாரி தங்கராசு முதல் ஆளாக உள்ளே ஓடி, ஜன்னலோரம் மூன்று இருக்கைகளில் துண்டை விரித்து, மனைவிக்கும் மச்சானுக்கும் இடம் பிடித்துவிட்டார். அந்த இடத்துக்கு உரியவர்கள் நடைபாதையில் மறித்து நிற்க, பணிப்பெண் என்னைத் தேடி வந்து என் மானத்தை வாங்கினார். எழுந்திருங்கள் என்று நான் பல்லைக் கடித்ததற்குத் தங்கராசு சாவகாசமாகச் சொன்னார்:

“கம்பம் பஸ்ஸுல முப்பது வருசமா துண்டு போட்டவனுக்குத்தான் சீட்டு. இவுக மட்டும் என்ன புதுச் சட்டம் பேசுறாக?”

மாந்தோப்பு

குடியேற்றச் சோதனையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது என்பது என் அடுத்த யோசனை. முதலமடை மாந்தோப்புக்காரர் பழனிச்சாமியிடம் அங்கிருந்த தமிழ் அதிகாரி ஒருவர், எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார். இவர் மழையில் பூ உதிர்ந்த கதை, மகள் கல்யாணம், அடுத்த சீசனுக்குக் கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும் என்ற அழைப்பு வரை போய்விட்டார். பின்னால் நின்ற எனக்கு ரத்தம் கொதித்தது. அதிகாரியோ சிரித்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ஓரமாக இழுத்துப்போய்த் திட்டினேன்.

“ஏனுங்க, ஒரு மனுசன் மொகம் பாத்துக் கேக்கறப்ப ரெண்டு வார்த்த பேசாம எப்படிங்க போறது?”

ஒரே பதில்

அடுத்தது மரியபுஷ்பம் அக்கா. மகன் வேலை செய்கிறான் என்று தெரிந்தால் அங்கேயே தங்கிவிடுவார் என்று சந்தேகப்படுவார்கள். அதனால் யாரும் இல்லை என்று சொல்ல வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நீங்களும் சொல்லியிருப்பீர்கள், மறைக்காதீர்கள். நானும் சொல்லிக்கொடுத்திருந்தேன். எஸ்டேட்டில் மேலதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று, சொல்லிக்கொடுத்ததை மாற்றாமல் சொல்லியே பழகியவர் அக்கா. இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றார். பையைத் திறந்தார்கள். இரண்டு ஆண் சட்டை, கருவாடு, மகன் தங்கும் விடுதியின் முகவரி. மறுபடி கேட்டார்கள். மறுபடியும் யாரும் இல்லை.

தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு தாயை இப்படியா நடத்துவது என்று நான் வெளியே நின்று குதித்தேன். பதினொன்றரை மணிக்கு என்னை உள்ளே அழைத்தார்கள். அதிகாரி முன்னால் நான் நல்லவனாக வேண்டுமே, ஏன் பொய் சொன்னீர்கள் என்று அக்காவிடமே எரிந்து விழுந்தேன். அவர் எழுந்து நின்று சொன்னார்:

“நீங்கதான சார் அப்படிச் சொல்லச் சொன்னீக.”

ஷிப்டு

உண்மையைச் சொல்லி, எழுதிக்கொடுத்து, அவரை வெளியே கூட்டிவந்தபோது மணி ஒன்று. காலையிலிருந்து வாசலில் நின்ற சேவியர் போய்விட்டிருந்தான். சாயங்காலம் ஓட்டலில் இருந்தபோது வீடியோ காலில் வந்தான், தலையில் ஹெல்மெட். சாப்பிட்டாயா என்று அக்கா நாலைந்து தடவை கேட்டார். ஐந்து நிமிடத்தில் அவனுக்கு இடைவேளை முடிந்துவிட்டது. என்மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் போனைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“விடுங்க சார். வண்டிப்பெரியாருல இருந்தும் இப்பிடித்தான அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

என் யோசனையைக் கேட்காத பதின்மூன்று பேரும் சிங்கப்பூரை நன்றாகச் சுற்றிப் பார்த்தார்கள், கேட்ட ஒருவர் மட்டும் பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் திரும்பினார்.