கல்லணையை மூடிய வில்லன்

வில்லனுக்குப் பொன்னாடை போர்த்தியபோதே ஷோ படுத்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் மல்யுத்த ரிங் கட்டுகிறவன். ஹீரோவும் வில்லனும் பேசிவைத்து மோதும் ஷோ அது; வில்லனைக் கூட்டம் திட்டினால்தான் களைகட்டும். அதிராம்பட்டினத்துக்காரன். இரும்பு பிரேம், பிளைவுட், ஃபோம், கேன்வாஸ், மூன்று கயிறு என்று வளைகுடாவில் பதினைந்து வருஷம் இதே வேலை. அங்கே எல்லா நாட்டுக் கம்பெனிக்கும் கட்டியிருக்கிறேன். இன்று இந்தத் தொழில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மேலே அமெரிக்கப் பெரிய கம்பெனிகள், ஸ்டேடியமும் ஓடிடியுமாக. கீழே ஜப்பான், மெக்சிகோ, இங்கிலாந்து என்று ஊருக்கு ஊர் சின்ன கம்பெனிகள், சின்ன ஹாலும் யூடியூப் லைவுமாக. ஊர் திரும்பி நான் சேர்ந்த சென்னைக் கம்பெனி அதிலும் கடைக்குட்டி.

டெல்டாவில் ஷோ போடலாம் என்று முதலாளி ராகவனை நச்சரித்தவன் நான்தான். வீட்டுப் பக்கத்திலேயே வேலை கிடைக்குமே என்ற ஆசை. அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு ஷோ பாக்குறேன் பாய். கூட்டம் சத்தம் போடலன்னா லைவ்ல எவனும் பாக்க மாட்டான். அப்புறம் சென்னையோட நிறுத்திக்குவோம்."

அந்த ஒரு ஷோ பூதலூரில், ஆடி மாதம், சாயங்காலம். ஹீரோ உள்ளூர்ப் பள்ளி பி.டி. மாஸ்டர் கருணா. வில்லன் இங்கிலாந்திலிருந்து வந்த டேவ். நம் ஊரில் வந்த விருந்தாளிக்கு மரியாதை செய்யாமல் நிகழ்ச்சி தொடங்குமா? விழாக் கமிட்டித் தலைவர் ரிங்கில் ஏறி டேவுக்குப் பொன்னாடை போர்த்தினார். நான் தடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் டேவ் கருணாவை மிதித்தாலும் கைதட்டல், கண்ணைக் குத்தினாலும் கைதட்டல். "நம்ம விருந்தாளிப்பா, பாத்து அடி" என்று கருணாவுக்குத்தான் திட்டு. ராகவன் முகம் சுண்டிப்போனது.

கயிறு முறுக்கும் சாக்கில் மூலைக்குப் போனேன். டேவ் குனிந்து, பொன்னாடையைத் தரையில் போட்டு மிதிக்கட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"அது மட்டும் வேண்டாம். போர்த்திய மனுஷர் நொந்துபோவார்" என்று அவன் பாஷையிலேயே சொல்லிவிட்டு, தமிழில் ஒரு வரி கற்றுக்கொடுத்தேன். நாலு தரம் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு மைக்கை வாங்கினான்.

"நாளைக்கு கல்லணைய மூடிடுவேன். ஒரு சொட்டுத் தண்ணி வராது."

அப்போதுதான் நடவு முடிந்த ஊர். மொத்தத் திடலும் எழுந்து நின்றது. "எறக்குடா அவன", "கருணா, விடாத" என்ற கத்தலில் என் பிளைவுட்டே அதிர்ந்தது. கருணா அவனைத் தூக்கிப் போட்டபோது கமிட்டித் தலைவர் நாற்காலி மேல் நின்று விசில் அடித்தார். அடுத்த ஷோ நாகப்பட்டினம் என்று ராகவன் அங்கேயே சொல்லிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கயிற்றை முறுக்கும் முன் டீக்கடையில் உட்கார்ந்து, அந்த ஊர் எதை இழக்கப் பயப்படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதை அளவோடு பயன்படுத்துங்கள். நான் அளவு பார்க்கவில்லை என்பது பிரேமைக் கழற்றும்போதுதான் உறைத்தது. சேறு காயாத காலோடு ஒரு அம்மா வேனருகே வந்து டேவிடம் நின்றார்.

"தம்பி, நல்லாத்தான் சண்ட போட்டீங்க. தண்ணிய மட்டும் நிறுத்திப்புடாதீங்க. இப்பத்தான் நட்டுருக்கோம்."

நான் மொழிபெயர்த்தேன். டேவ் பையிலிருந்த பொன்னாடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கைகூப்பி, "ஓபன்ம்மா, ஓபன்" என்றான்.