சம்மந்தி வாசிக்கச் சொன்ன நாய்க்கதை

குருநகரில் கிறகோரியின் நாய்க்கதைகளை விரும்பாதவர்கள் இரண்டு வகை. கதைக்குள் வந்துவிட்டவர்கள் ஒரு வகை. எப்போது வந்துவிடுவோமோ என்று பயந்துகொண்டிருந்தவர்கள் மற்ற வகை. மிச்சப்பேர் எல்லாரும் கதை அச்சாகும் வாரத்தாள் வருகிற நாளில் சலூன் வாசலில் கூடி, ஒருவர் வாசிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இத்தனைக்கும் மனிதர் ஒரு நாய்க்குட்டிகூட வளர்த்ததில்லை. மீன் சந்தையில் ஏலம் கூறுவதுதான் அவருக்குத் தொழில். அவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நிற்க, சந்தை நாய்கள் காலடியில் படுத்திருந்து எந்தக் கூடை எப்போது சரியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும். அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். எண்பதுகளின் நடுவில் போரால் கடலுக்குப் போகத் தடை வந்து, சந்தை பாதி நாள் வெறுமையாய்க் கிடந்தபோது, வாய்க்கு வேலையில்லாமல் போய்க் கைக்கு வேலை வந்தது. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயரும்வரை அந்தக் கை ஓயவில்லை.

முதற்கதை ஒரு கோயில் வாசல் நாயைப் பற்றியது. பிரசங்கம் முழுவதும் நித்திரை கொண்டுவிட்டு, சுவாமி ஆமென் சொன்னதும் எழுந்து மகா பக்தியோடு சோம்பல் முறிக்கும் நாய். கோயில் மூப்பர் பெருநாள் கழியும்வரை கிறகோரியோடு கதைக்கவில்லை. அடுத்தது, ஹெலிக்கொப்டர் சத்தம் கேட்டால் எல்லாருக்கும் முந்திப் பங்கருக்குள் பாய்ந்துவிட்டு, உள்ளே இருந்தபடியே மற்றவர்களுக்குத் தைரியம் சொல்லிக் குரைக்கும் நாய். அதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டு யாகோப்பு தன் வேலியை உயர்த்திக் கட்டினார்.

நாயைத்தான் எழுதத் தொடங்கினேன் என்று கிறகோரி சத்தியம் பண்ணுவார். அது பொய்யுமல்ல. கொஞ்சத் தூரம் நாய் நாயாகவே நடக்கும். பிறகு ஊரில் யாராவது ஒருவர் வந்து அதன் தோலுக்குள் புகுந்துகொள்வார். வந்தவரைத் துரத்த இவருக்கு மனம் வராது.

மகள் யசிந்தாவுக்குக் கலியாணம் பேசியபோதுதான் அந்த இளகிய மனம் அவர் தலையில் வந்து விடிந்தது. மாப்பிள்ளை வின்சன்ற் வள்ளம் திருத்துகிறவன், தங்கமான பிள்ளை. யசிந்தாவுக்கு அவன் பெயரைச் சொன்னாலே முகம் சிவந்துவிடும். ஆனால் தகப்பன் சந்தியோகு பெரிய ரோசக்காரர். யாரோ ஒரு சொல்லைக் கூடுதலாகச் சொல்லிவிட்டார்கள் என்று மூத்த மகனுக்குப் பேசிய சம்பந்தத்தை ஒரே நாளில் குழப்பிப்போட்டவர்.

அதனால் கிறகோரியின் மனைவி மக்டலீன் முன்கூட்டியே கட்டளை போட்டுவிட்டாள்.

“இஞ்சாருங்கோ, மூண்டு ஓலையும் வாசிச்சு முடியுமட்டும் பேனையைத் தொடக்கூடாது.”

இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பதுதான் ஓலை. கிறகோரி பேனையைத் தொடவில்லை. ஆனால் கலியாணப் பேச்சுக்கு வெகுநாள் முன்னரே ஒரு கதையை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்திருந்தார். அச்சடிக்கத் தாள் இல்லாத காலம். கதை அங்கேயே கிடந்தது, இவரும் மறந்துபோனார். இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, எங்கேயோ கிடைத்த கோடுபோட்ட கொப்பித்தாளில் அந்தக் கதை வெளிவந்துவிட்டது.

கதையின் பெயர் ‘வீமனின் மத்தியானம்’. எந்த வீட்டில் சோற்றுப்பானை இறங்குகிறதோ அந்த வீட்டுப் படலையில் போய் நிற்கும் நாய் வீமன். பசியில்லாததுபோல வானத்தைப் பார்க்கும். போட்ட மீன் தலை தீரும்வரை இடத்தை விட்டு அசையாது. சாப்பாட்டு நேரம் பார்த்துப் படலை திறக்கிறவர் யாரென்று குருநகரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சந்தியோகுதான்.

பூசை முடிந்து, கதை வந்த சேதி காதில் விழுந்ததும் கிறகோரி சலூனுக்கு ஓடினார். “தாளைச் சந்தியோகு அண்ணை கொண்டு போயிட்டார்” என்றான் முடி வெட்டுகிறவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வீட்டில் மக்டலீன் தலையில் அடித்துக்கொண்டாள். “பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கொண்டுபோய் நாய்க்குப் போட்டிட்டியளே!” வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த யசிந்தா, வெங்காயத்தைக் கீழே வைத்த பிறகும் அழுதாள்.

மத்தியானம் படலை திறந்தது. சந்தியோகு தாளும் கையுமாக நின்றார்.

“சும்மா வந்தனான், சம்மந்தி. உங்கடை கதை வந்திருக்காம். என்ரை கண்ணாடி உடைஞ்சுபோச்சுது. நீங்களே ஒருக்கா வாசியுங்கோவன்.”

கிறகோரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாளை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத கதையை வாசிக்கத் தொடங்கினார். அவர் வாயில் வீமன் ஒரு தவமுனியாகிவிட்டது. ஏழைப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டார்களா என்று பார்க்கத்தான் வீடு வீடாகப் போனது. சோறு வைத்தால் பின்வாங்கியது. மீன் தலையைக் கண்டு, தபசுகால நோன்பு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. கதவுக்குப் பின்னால் மக்டலீன் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சந்தியோகு ‘ம்’ கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் தாளை வாங்கி மடித்தார்.

“சலூனிலை காலமை வாசிச்சவங்கள், சம்மந்தி. நானும் நிண்டு கேட்டுச் சிரிச்சனான். தாளிலை இருக்கிறதுதான் நாய். நீங்கள் இப்ப வாசிச்சது நாயே இல்லை, அது ஆரோ சுவாமியார்.”

மடித்த தாளைச் சந்தியோகு மடியில் செருகிக்கொண்டார்.

“ஆனா நீங்கள் எழுதினதிலை ஒரு பிழை இருக்கு. அந்த நாய் சாப்பாட்டுக்குப் போறேல்லை. என்ரை மனிசி செத்தாப் பிறகு, ஆம்பிளையள் நாங்கள் ஆளுக்கொரு நேரம் வந்து தின்னுறம். தனிய ஒரு சோத்துக்கோப்பையை வைச்சுக்கொண்டு இருந்து பாருங்கோ, சோறு தொண்டையாலை இறங்காது.”

இத்தனை வருடம் ஊரையே நாயாக்கிச் சிரித்த மனிதருக்கு அன்றுதான் உண்மையாக வெட்கம் வந்தது. ஆனாலும் பெண்ணைப் பெற்றவரல்லவா, கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அப்ப… மூண்டாம் ஓலை?”

“வாசிக்கட்டும். கலியாணம் முடிய மாப்பிள்ளை பொம்பிளை வீட்டிலை வந்து இருக்கிறதுதானே எங்கடை முறை. வின்சன்ற் இஞ்சை வந்திடுவான். பிறகு நான் ஊர் முழுக்க அலைய வேண்டியதில்லை. இந்த ஒரு படலை போதும், ஒவ்வொரு நாளும்.”

ஒவ்வொரு நாளும் என்றதைக் கேட்டுக் கதவுக்குப் பின்னால் மக்டலீன் ஒருமுறை இருமினாள். பிறகு இன்னொரு சோற்றுக்கோப்பையை எடுத்துக் கழுவப் போனாள்.