நோயாளியின் சோற்றை நான் தின்ற கதை

உளவளத்துணை என்கிற கவுன்சிலிங் பயிற்சியில் உண்ணல் கோளாறு பற்றிய பாடம் வந்த அன்று வகுப்பே சிரித்தது. போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம். சனங்கள் புத்தளத்திலிருந்தும் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்தும் திரும்பிவந்து, தகரக் கொட்டில்களில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு இருந்தும் சாப்பிடாமல் மெலிகிற பிள்ளையை மன்னாரில் யார் கண்டது? "அது கொழும்பு ஆக்களின்ர வருத்தம்" என்று சொன்னவள் நான். சத்தமாகச் சிரித்தவளும் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பயிற்சியாளர் அந்தப் பாடத்தை அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார். நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

அடுத்த வருடம் சிலாவத்துறையிலிருந்து ஓர் உம்மா தன் மூத்த மகளை எங்கள் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார். பிள்ளைக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தாள். சித்திரை வெயிலில் நாங்கள் எல்லோரும் வெந்துகொண்டிருக்க, அவள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு குளிருகிறது என்றாள். டொக்டர் நாடி பார்த்தார், இரத்தம் எடுத்தார், நிறுத்துப் பார்த்தார். மாதவிடாய் நின்று ஐந்து மாதம். உடம்பில் வேறு வருத்தம் ஒன்றும் அகப்படவில்லை. இன்னும் மூன்று கிலோ இறங்கினால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வார்டில் வைக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவளை என்னிடம் அனுப்பினார்.

வார்டு என்றதும் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருடம் புத்தளத்து முகாமில் கிடந்துவிட்டுச் சொந்தக் காணிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"மிஸ், இனி என்ட வீட்டில இருந்து ஒருத்தரும் வெளிய போய்க் கிடக்கக் கூடாது. நீங்க என்ன சொன்னாலும் நான் செய்யிறன். பிள்ளைய மட்டும் அனுப்பிப் போடாதீங்க."

நான் படிவத்தை எடுத்து வரிசையாகக் கேட்டேன். சாப்பாட்டைத் தவிர்க்கிறாயா, சாப்பிட்டபின் வாந்தி எடுக்கிறாயா, உடம்பு பெருத்துவிடும் என்று பயமா? எல்லாவற்றுக்கும் "இல்ல மிஸ்" என்றாள். உம்மாவும் சத்தியம் செய்யாத குறைதான். "எங்களோட இருந்துதான் சாப்பிடுறா மிஸ். சஹன்ல ஒரு பருக்கை மிஞ்சாது." சஹன் என்பது ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய வட்டத் தட்டு. கலியாணத்திலும் கந்தூரியிலும் வைப்பார்கள். முகாமில் ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பை இல்லாமல் அந்த வீட்டில் அது அன்றாடப் பழக்கமாகிவிட்டது. நானும் "குடும்பத்துடன் நன்றாகச் சாப்பிடுகிறாள்" என்று படிவத்தில் எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

இரண்டு கிழமையில் ஒரு கிலோ குறைந்தது. சரி, வீட்டிலேயே போய்ப் பார்ப்போம் என்று புதன்கிழமைகளில் பஸ் ஏறினேன். வாப்பாவும் ஆண்பிள்ளைகளும் கடற்கரையில் மீன்வாடியில் நிற்பார்கள். உம்மா, மகள், தங்கச்சி, மாமி, நான் என்று ஐந்து பேரும் பாயில் வட்டமாக இருப்போம். நடுவில் சஹன். ஒரு நாள் தேங்காய்ச் சோறும் விளைமீன் குழம்பும், ஒரு நாள் நண்டு. சாப்பாட்டைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். அவதானிப்பதற்காகத்தான் போனேன். முதல் கவளம் வரைக்கும் அவதானித்தேன்.

விருந்தாளியின் பக்கத்துக்கு நல்ல துண்டைத் தள்ளிவிடுவது அவர்கள் மரியாதை. அந்தப் பிள்ளை மீனை முள்ளெடுத்து என் பக்கம் தள்ளுவாள். பொரியலைத் தள்ளுவாள். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் இன்னொன்று வந்திருக்கும். என்ன வளர்ப்பு என்று வழியெல்லாம் மெச்சிக்கொண்டு வந்தேன்.

நாலு புதன்கிழமை இப்படிப் போனது. கிளினிக்கில் அவளை நிறுத்துப் பார்த்த தாதி முகத்தைச் சுளித்தார். இன்னும் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. பகிடிக்கு என்னையும் தராசில் ஏறச் சொன்னார். எனக்கு இரண்டு கிலோ கூடியிருந்தது.

"மிஸ், வைத்தியம் உங்களுக்குத்தான் வேலை செய்யுது போல" என்றார் தாதி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த புதன் நான் வாயைக் கட்டிக்கொண்டு அவள் கையைப் பார்த்தேன். அந்த வட்டத்தில் மற்ற எல்லோருடைய கையையும்விட வேலை செய்தது அவளுடைய கைதான். பிசைகிறது, முள்ளெடுக்கிறது, உருட்டுகிறது, தங்கச்சி பக்கம் கொஞ்சம், மாமி பக்கம் கொஞ்சம், மிச்சமெல்லாம் என் பக்கம். வாய்க்கு நாலு தடவைதான் போனது; அதிலும் இரண்டு தடவை வெறுங்கை. "என்ட பிள்ளை தன்ட பங்கையும் மத்தவங்களுக்குக் குடுக்கிற பிள்ளை" என்று உம்மா பெருமையாகச் சொன்னார். ஒரு மாதமாக நோயாளியின் சோற்றைத் தின்றது நான் என்று விளங்கியபோது வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் முழுக்க என் மீதுதான்.

சாப்பாடு முடிந்து அவளைத் தனியே வேலியடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். "நான் உம்மோட கோபிக்கேல்ல. உம்மட பங்கை இவ்வளவு நாளும் நான் தின்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளும்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு கதை வந்தது. ஊருக்கு வந்த புதிதில், பெருநாள் உடுப்புக்கு அளவெடுத்த பெண் நாடாவை இழுத்துப் பிடித்து, "நிவாரண அரிசி உடம்பில நல்லாத்தான் ஒட்டியிருக்கு" என்றாளாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அன்றிலிருந்து சோற்றைக் கண்டாலே முகாம் வரிசை ஞாபகம் வந்தது. குறைக்கக் குறைக்க ஏதோ வென்றது போல இருந்ததாம். இப்போது நிறுத்த நினைத்தாலும் பயம் விடவில்லை.

மூலையில் போட்டிருந்த பயிற்சிக் கையேட்டைத் தூசி தட்டினேன். வீட்டார்தான் கொஞ்ச நாளைக்குச் சாப்பாட்டின் பொறுப்பை எடுக்க வேண்டும், பிள்ளையைக் குற்றம் சொல்லக் கூடாது என்று இருந்தது. டொக்டர் கொஞ்சமாகத் தொடங்கிக் கிழமைக்குக் கிழமை கூட்டச் சொன்னார். தனிக் கோப்பையில் அளந்து கொடுக்கும்படி உம்மாவிடம் சொன்னேன். அவர் எழும்பியே விட்டார்.

"தனிக் கோப்பையா? வருத்தக்காரிய ஒதுக்கி வைக்கிற மாதிரி என்ட பிள்ளைய வைக்கச் சொல்றீங்களா?"

கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. உம்மாவிடம் இருந்தது. அடுத்த நாள் மற்றவர்களுக்கு வேறு சஹன் வைத்தார். தானும் மகளும் மட்டும் ஒரு சின்னச் சஹனில் இருந்தார்கள். நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்து, "இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு. கோட்டைத் தாண்டித் தள்ளுறதில்ல. நீ முடிக்கிற வரைக்கும் உம்மா எழும்ப மாட்டன்" என்றார். ஏசவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. முதல் நாள் மூன்று மணித்தியாலம் எடுத்தது. பிள்ளை அழுதாள், சஹனைத் தள்ளினாள். உம்மா வெளியூர் மச்சாளின் வம்புகளையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பவும் தொடங்கினார். இன்னும் அரைக் கிலோ இறங்கினால் யாழ்ப்பாண வார்டுதான்.

எடை ஏறியது, பிறகு இறங்கியது, பிறகும் ஏறியது. மழை வந்து போனது. டொக்டர் வார்டுப் பேச்சை விட்டார். கம்பளிச் சட்டை கழன்றது. பயம் முழுதாகப் போகவில்லை. கிழமைக்கு ஒரு தடவை அதைப் பற்றித்தான் கதைத்தோம்.

கோடு போட்டுத் தொடங்கிய எட்டாம் மாதம் உம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அன்றைக்குக் கோடு இல்லை. பழையபடி எல்லோரும் ஒரே சஹனில். மீன் சினை பொரித்திருந்தார்கள். பேசிக்கொண்டே பழக்கதோஷத்தில் என் கை அவள் பக்கத்துத் துண்டுக்குப் போனது. அவள் என் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"மிஸ், அது எனக்கு."

"மிஸ்ஸோட இப்படியா கதைக்கிற?" என்று உம்மா பதறினார்.

"ஏசாதீங்கோ, சாப்பிடட்டும்" என்றேன். அவள் அந்தத் துண்டை வாயில் போட்டு, என்னைப் பார்த்தபடியே மென்று விழுங்கினாள்.